கூலிக்காரன் தலையில் எழுதும் ரயில் கணக்கு

'நம்ம நாட்டுல கூலி மலிவு, அதனால எதைக் கட்டினாலும் மலிவு' என்று ஒரு பேச்சு. கட்ட ஆரம்பித்தது முடியாமல் இழுத்தால் இன்னொரு பேச்சு: 'நிலம் குடுக்க மாட்டேங்குறாங்க, என்ன செய்ய?' ஒன்று நம் உழைப்பைக் காட்டுகிறது, மற்றது நம் எதிர்ப்பைக் காட்டுகிறது. அதிவேக ரயிலை வைத்து இந்த இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிடலாம். வங்கியில் பேரேடு பார்க்கிறவனுக்குத் தெரிந்த கணக்கே போதும்.

மும்பை - அகமதாபாத் புல்லட் ரயில் பாதை 508 கி.மீ. 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டும்போது சொன்ன மதிப்பீடு 1,08,000 கோடி ரூபாய். வகுத்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 213 கோடி. அன்றைய மதிப்பில் 3 கோடி டாலருக்கும் மேல். சீனத்தில் கிலோமீட்டருக்கு 1.7 முதல் 2.1 கோடி டாலர், ஐரோப்பாவில் 2.5 முதல் 3.9 கோடி டாலர் என்று உலக வங்கி 2014இல் கணக்குச் சொன்னது. எதையெதைச் செலவில் சேர்ப்பது என்பதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. இருந்தாலும் படம் தெளிவாகத்தான் இருக்கிறது. நம் சித்தாளும் கொத்தனாரும் நம்மூர்க் கூலிக்குக் கட்டுகிற பாதைக்கு ஐரோப்பிய விலை! அப்படியானால் மலிவான கூலி எங்கே போயிற்று?

ஸ்பெயினைப் பாருங்கள். அங்கே தொழிலாளி வாங்கும் கூலி நம்மைப்போல் பல மடங்கு. ஆனாலும் ஐரோப்பாவில் குறைந்த செலவில் அதிவேகப் பாதை போடும் நாடு அதுதான் என்கிறார்கள். 1992இல் மாட்ரிட் - செவில் பாதையைத் திறந்தவர்கள் அதோடு கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. விடாமல் போட்டுப் போட்டு இன்று சுமார் 4,000 கி.மீ. வந்துவிட்டார்கள். சீனத்தில் கூலி குறைவு என்பதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் உத்திரங்களை ஒரே அளவில், ஒரே அச்சில், பாதையோரத்திலேயே ஆயிரக்கணக்கில் வார்த்து, அதே இயந்திரத்தையும் ஆட்களையும் அடுத்த பாதைக்குக் கொண்டுபோனதும் பெரிய காரணம். பழகின கைக்குச் செலவு குறையும். இது எங்க வருசநாட்டில் இலவங்காய் உடைக்கிற அக்காவுக்கும் தெரியும்.

புதிதாய்ப் பழகுவதற்கு என்ன விலை என்பது பெரம்பூரிலேயே தெரிந்தது. 2024 அக்டோபரில் ஐ.சி.எஃப். இரண்டு அதிவேக ரயில்களைச் செய்யும் ஒப்பந்தத்தை பி.இ.எம்.எல். நிறுவனத்துக்குக் கொடுத்தது. ஒரு பெட்டி 27.86 கோடி. மொத்தம் 16 பெட்டி, ஆக 446 கோடி. ஒப்பந்தத் தொகையோ 866.87 கோடி. மீதி வடிவமைப்பு, அச்சு, கருவி, சோதனை என்று ஒரே முறை செய்யும் செலவு. இரண்டு ரயிலோடு நிறுத்தினால் அது இரண்டின் தலையில் விழும். இருநூறு செய்தால் கரைந்துபோகும்.

கலிபோர்னியாவில் 2008இல் மக்கள் வாக்களித்தபோது சொன்ன செலவு 3,300 கோடி டாலர். இப்போது 10,000 கோடியைத் தாண்டிவிட்டது. அங்கே அரசு தன் பொறியாளர்களை வளர்க்காமல் ஆலோசனைக் கம்பெனிகளிடம் மூளையைக் குத்தகைக்கு விட்டது. நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. பொதுத்துறை வேலையைக் கான்ட்ராக்டுக்கு விட்டால் போவது இடஒதுக்கீடு மட்டுமில்லை, கற்ற வித்தையும்தான். அப்புறம் அதே வித்தையை வெளியே போய் விலைக்கு வாங்க வேண்டும்.

இனி நிலம். பால்கர் மாவட்டத்து ஆதிவாசி கிராம சபைகள் புல்லட் ரயிலுக்கு நிலம் தர மறுத்துத் தீர்மானம் போட்டன. அதனால் தாமதம் ஏற்பட்டது உண்மை. ஆனால் 213 கோடி என்ற கணக்கு அந்தத் தாமதத்துக்கு முன்பே எழுதப்பட்டது. மறுத்தவர்கள் மேல் அதை எப்படி எழுதுவது? 508 கி.மீ.யில் சுமார் 465 கி.மீ. தூண்கள் மேல் ஓடுகிறது. தானே கழிமுகத்தில் 7 கி.மீ. கடலுக்கடியில். இதையெல்லாம் ஆதிவாசி கேட்டாரா?

இங்கிலாந்தில் எச்.எஸ்.2 பாதைக்குச் சில்டர்ன் மலையில் 16 கி.மீ. சுரங்கம். மேட்டுக்குடி ஊர்களின் அழகு கெடக்கூடாது என்ற வற்புறுத்தலில் சுரங்கம் நீண்டது. வௌவால்களைக் காக்க ஒரு கூரை, செலவு 10 கோடி பவுண்டுக்கு மேல். வௌவால் பிழைக்கட்டும், நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் வசதியுள்ளவர் மறுத்தால் சுரங்கம், இல்லாதவர் மறுத்தால் 'வளர்ச்சிக்கு எதிரி'. இது என்ன நியாயம்?

நிலத் தகராறே இல்லாத இடத்தில் என்ன நடந்தது? நம் போடி லைனையே எடுத்துக்கொள்வோம். 1928இல் போட்ட பாதை, ரயில்வேயின் சொந்த வழித்தடம். அகலப் பாதையாக்குகிறோம் என்று 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். தேனிக்குத் திரும்ப வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். யார் மறித்தார்கள்? வருசா வருசம் பட்ஜெட்டில் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்ததுதான் மறித்தது. மதுரை - தேனி 75 கி.மீ.க்கு 500 கோடிக்கு மேல் ஆனது என்றார்கள். அந்தப் பதினோரு பன்னிரண்டு வருசம் மதுரை பெரியாஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் நம் சனங்கள் கூடுதலாகக் கொடுத்த பஸ் காசு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

திண்டுக்கல்லில் இருந்து கம்பம் வழியாக லோயர் கேம்புக்கு ரயில் வேண்டும் என்று பல வருசமாகக் கேட்கிறோம். கேட்போம். அளவுக்கல் நடும் அன்றைக்கே இதையும் சேர்த்துக் கேட்போம். ஒவ்வொரு இனத்துக்கும் என்ன விலை என்று தமிழில் அச்சடித்து ஊர்ச்சாவடியில் ஒட்டு. வடிவமைப்பும் மேற்பார்வையும் நிரந்தரப் பணியிடமாக இருக்கட்டும், இடஒதுக்கீட்டோடு. 2013 நிலச் சட்டம் பட்டாதாரரை மட்டும் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லவில்லை. அந்த நிலத்தில் மூன்று வருசம் கூலிக்குப் பாடுபட்டுப் பிழைத்தவர்களையும் சொல்கிறது. அந்தப் பேர்களை முதலில் எழுது, பிறகு கோடு போடு.

இதனால் ரயில் விலை ஏறிவிடும் என்று எவனாவது சொன்னால், ஸ்பெயின் கணக்கை எடுத்து முன்னால் வையுங்கள் தோழர்களே.