இரண்டாம் படி ஏன் தாமதமாகிறது?

களப்பணி முடித்துத் திரும்பும் மொழியியல் ஆய்வாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, பதிவுகளின் இரண்டாம் படி எங்கே என்பதுதான். “ஞாயிற்றுக்கிழமை எடுத்துவைக்க வேண்டும்” என்பதே வழக்கமான விடை. தாராவியிலும் செம்பூரிலும் முதியவர்களிடம் பதிவுசெய்த பேச்சு, வாரக்கணக்கில் ஒரே மடிக்கணினியில் கிடக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை பெய்த நகரம் இது. இதைச் சோம்பல் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் பாதிக் காரணம் வீட்டு வைஃபையில் இருக்கிறது.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரட்டைத் தட ஒலிப்பதிவு ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 1 ஜிபி. காணொளியும் சேர்ந்தால் 100 ஜிபி என்பது வியப்பில்லை. வேகம் போதவில்லை என்றதும் உதவித்தொகையிலிருந்து பெரிய பிராட்பேண்ட் திட்டம் வாங்குவது வீண் செலவு. மடிக்கணினியிலிருந்து அதே வீட்டின் இன்னொரு கணினிக்குச் செல்லும் கோப்பு, இணையச் சேவையாளரின் கம்பியைத் தொடுவதே இல்லை.

தடை காற்றில் இருக்கிறது. பாண்டுப்பின் சரிவுகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே: 1, 6, 11. ஒரே தடத்தில் ஒரு கருவி பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். அண்டை வீட்டு ரூட்டருக்கும் இதே விதி. (உரையாடல் பகுப்பாய்வு படித்தவர்களுக்கு முறைமாற்றத்தை விளக்க வேண்டியதில்லை.) 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் கான்கிரீட் சுவர் அதை எளிதில் தளர்த்திவிடும்.

பலர் கவனிக்காத செய்தி வேறு. இரு கணினிகளும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு துணுக்கும் காற்றை இருமுறை கடக்கிறது: ரூட்டருக்கு ஒருமுறை, அங்கிருந்து மறுமுறை. இரண்டும் ஒரே தடத்தில் இருந்தால் வேகம் பாதியாகும். இடம்பெயராத கணினியை மட்டும் லேன் கேபிளில் இணைத்தாலே ஒரு பயணம் மிச்சம். பதிவுகளைப் படியெடுக்கும் இரவில் மடிக்கணினியையும் கேபிளில் இணைத்துவிட்டால் சுவரும் அண்டை வீடும் பொருட்டல்ல.

கேபிளிலும் ஒரு பொறி உண்டு. மலிவான ரூட்டர்கள் பலவற்றின் துளைகள் 100 எம்பிபிஎஸ் மட்டுமே, அதாவது நொடிக்கு 12.5 எம்பி. 100 ஜிபிக்குக் குறைந்தது 2 மணி 13 நிமிடம். கிகாபிட் துளையும் ஈடுகொடுக்கும் ஹார்டு டிஸ்க்கும் இருந்தால் ஏறக்குறைய கால் மணி நேரம். கிகாபிட்டுக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் இணைப்பு பெரும்பாலும் சொல்லாமல் 100க்கு இறங்கிவிடும். சொல்வாரியாக வெட்டிய ஆயிரக்கணக்கான சிறு ஒலித்துண்டுகளை ஒரே தொகுப்புக் கோப்பாக்கி அனுப்புவது நல்லது. ஒவ்வொன்றையும் திறந்து மூடுவதிலேயே நேரம் கரைகிறது.

எந்த ஒலிவாங்கி, எவ்வளவு தொலைவில் என்று முறையியல் வகுப்பில் மணிக்கணக்கில் பேசுகிறோம். பதிவு வீடு வந்து சேர்ந்த பிறகு நடப்பதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்கப்பட வேண்டும். எண்பது வயதுப் பாட்டியின் திருநெல்வேலிப் பேச்சுக்கு மறுபதிவு கிடைக்கும் என்று எந்த நெறியாளரும் உறுதி தர முடியாது.