சாவி யார் கையில்?

சிறைக்காவலர் வேலையா என்று முகஞ்சுளிக்கிறாயே, தம்பி! பூட்டும் சாவியும் மட்டுமா அந்த வேலை?

சாதி பார்த்து ஒருவனுக்குக் கரண்டியும் இன்னொருவனுக்குத் துடைப்பமும் தந்த சிறை விதிகளை, 2024 அக்டோபர் 3இல் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. மனுவின் பேரப்பிள்ளைகள் எழுதினாற்போன்ற அவ்விதிகள், விடுதலைக்குப் பின்னும் பல மாநிலக் கையேடுகளிலே குந்தியிருந்தனவே! தீர்ப்பு டில்லியிலே. துடைப்பத்தை எவனிடம் நீட்டுவது என்பதோ, விடியற்காலையில், சிறைக்கொட்டடியிலே, காவலரின் கண்ணெதிரே முடிவாகிறது.

அந்த இடத்தில் நீ நிற்கவேண்டாமா? தமிழகத்தில் இரண்டாம் நிலைச் சிறைக்காவலராகப் பத்தாம் வகுப்புத் தேறினால் போதும். ஆளெடுப்பது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். தமிழ்த் தகுதித் தேர்வு உண்டு, எழுத்துத் தேர்வு உண்டு; உயரம் அளப்பர், ஓடச் சொல்வர், கயிறேறச் சொல்வர். தமிழ் உனக்குக் கைவரும், தம்பி, கயிறுதான் ஐயம்! அடுத்த அறிவிப்பு வருமுன் ஏறிப் பழகு.