தேகத்துக்கு ஏற்ற சைக்கிள்

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் சைக்கிள்களின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரி நீங்கலாக 30,000 ரூபாய் கிரயமுள்ள ஒரு ரோடு பைக்குக்கு முன்பு 3,600 ரூபாய் வரி கட்டியவர் இப்போது 1,500 ரூபாய் கட்டினால் போதும். 2,100 ரூபாய் கையில் மிஞ்சும். அந்தத் தொகையையும் சேர்த்து இன்னும் சற்று விலை கூடிய வண்டியை வாங்குவதா, அல்லது வேறு வகையில் அதைப் பிரயோஜனப்படுத்துவதா என்பது, தேக ஆரோக்கியத்தையும் மன உற்சாகத்தையும் நாடிக் காலை வேளையில் சைக்கிள் ஓட்ட விரும்பும் விருத்தாசலம் போன்ற சிற்றூர் ஜனங்கள் நிதானமாக யோசிக்க வேண்டிய விஷயம். வண்டியின் எடை எத்தனை கிலோ, கியர் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், அது என் தேகத்துக்குப் பொருந்துகிறதா, நான் போகும் சாலைக்கு ஏற்றதா, பழுதானால் என் ஊரில் பார்க்க ஆள் உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே பணத்தை எடுக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இவற்றுள் முதலாவது அளவு. விருத்தாசலத்தின் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை செய்வோர், பச்சைக் களிமண் உலரும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, வேண்டிய அளவைவிட அச்சைப் பெரிதாகவே செய்கிறார்கள். ஏனென்றால், சூளையிலிருந்து வெளிவந்த இன்சுலேட்டரைப் பிறகு இழுத்து நீட்ட முடியாது. சைக்கிளின் சட்டமும் அத்தன்மையதே. சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மை மாற்றலாம். ஆனால் சட்டம் சிறுத்துவிட்டாலோ பெருத்துவிட்டாலோ அதற்குப் பரிகாரம் கிடையாது.

அளப்பதும் பெரிய வித்தையல்ல. செருப்பில்லாமல் சுவரோடு முதுகு ஒட்ட நின்று, அட்டை கெட்டியான ஒரு புத்தகத்தைக் கால்களுக்கு இடையே சீட்டில் உட்காரும்போது அழுந்துகிற அளவுக்கு மேலே தூக்கிப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை டேப் வைத்து அளந்தால் உள்கால் நீளம் கிடைத்துவிடும். அது 80 சென்டிமீட்டர் என்றால், 0.67-ஆல் பெருக்க வரும் 53 அல்லது 54 சென்டிமீட்டர் சட்டம் அவருக்கு உத்தேசமாகப் பொருந்தும்; 0.883-ஆல் பெருக்க வரும் 70.6 சென்டிமீட்டர், கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை இருக்க வேண்டிய உயரம். மேல் பார் சரிவாக அமைந்த இக்காலத்துச் சட்டங்களுக்கு இந்தக் கணக்கு ஒரு தொடக்கமே. கை நீளமும் முதுகின் வளைவும் சேர்ந்து தீர்மானிக்கிற மீதியை, வண்டியில் ஏறி உட்கார்ந்து சிறிது தூரம் ஓட்டித்தான் அறிய முடியும். அளவு பாராமல், படத்தையும் தள்ளுபடியையும் மட்டும் பார்த்து வரவழைக்கும் வண்டி, கழுத்துவலியையும் மணிக்கட்டு மரத்துப்போவதையும் முழங்கால் நோவையும் கூடவே கொண்டுவருகிறது. வலி கண்டவர் சைக்கிள் விடுவதையே கைவிடுகிறார்.

நம் முன்னோருக்கு இந்த ஞானம் இல்லாமலில்லை. 22 அங்குல வண்டியா, 24 அங்குல வண்டியா என்பதை வாங்குகிறவரின் உயரத்தைப் பார்த்தே கடைக்காரர் சொல்லிவிடுவார். உயரமானவருக்கு 24 என்பது சிறுவர்களுக்குக்கூடத் தெரிந்த கணக்கு. அந்தப் பழக்கத்தைப் புதிய வண்டிகளிலும் தொடர வேண்டும் என்பதே நான் வேண்டுவது.

இரண்டாவது சாலை. நம்முடையது சமவெளிப் பிரதேசம். நெய்வேலிப் பக்கம் போனாலும், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் போனாலும், சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரத்துக்கே போனாலும் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் எதுவும் இல்லை. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் எதிர்காற்றுத்தான் இங்கே மலை. ஆகையால், பின்பக்கம் எட்டுப் பல்சக்கரங்கள் உள்ள எளிய கியர் அமைப்பே இந்த ஊர்க்காரருக்குத் தாராளம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் பார்க்கும் ஆசை உள்ளவர், பின்பக்கப் பெரிய சக்கரத்தில் 32 பற்களாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். அதற்கு மேல் கியருக்குக் கொட்டும் பணத்தை டயரில் போடுவது விவேகம். 23 மில்லிமீட்டர் டயர் பந்தயச் சாலைக்கு உகந்தது. ஒட்டுப்போட்ட தாரும் ஓரத்து ஜல்லியும் கருவேல முள்ளும் கலந்த நம் சாலைக்கு 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயரே சிரேஷ்டம். டயர் அகன்றால் காற்றழுத்தத்தைக் குறைத்து வைக்கலாம், அதிர்ச்சி கைக்கு ஏறாது. ஆனால் எல்லாச் சட்டங்களும் பிரேக்குகளும் அகன்ற டயருக்கு இடம் கொடுப்பதில்லை என்பதால், இதை வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

வரியில் மிஞ்சிய 2,100 ரூபாயை நான் ஒதுக்கச் சொல்வது ஹெல்மெட்டுக்கும், முன்னே வெள்ளையும் பின்னே சிவப்புமாக இரண்டு விளக்குகளுக்கும்தான். கரும்பு அரைவைக் காலத்தில் சேத்தியாத்தோப்பு ஆலைக்கு விடியுமுன்பே பாரம் சுமந்து செல்லும் டிராக்டர்களும், எந்நேரமும் ஓடும் லாரிகளும் உள்ள சாலையில், பின்விளக்கில்லாத சைக்கிள்காரரை ஓட்டுநர் கடைசி நிமிஷத்தில்தான் காண்கிறார். விளக்கும் ஹெல்மெட்டும் உயிரைக் காக்கும் சாமான்கள். பளபளக்கும் ஜெர்சியும் கறுப்புக் கண்ணாடியும் பிறகு சாவகாசமாக வரலாம்.

மூன்றாவதும், எல்லாவற்றிலும் அதிகமாக அலட்சியம் செய்யப்படுவதும், பழுது பார்க்கும் கை. பஞ்சர் ஒட்டவும், ஸ்போக்ஸ் கம்பியை முறுக்கி ரிம்மின் கோட்டம் எடுக்கவும், வண்டியைக் கழற்றி ஓவராயில் செய்யவும் தெரிந்த கைதேர்ந்த மெக்கானிக்குகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குறைவது திறமை அல்ல, புதிய சாமான்களோடு பரிச்சயம். ரோடு பைக்கின் ட்யூபில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு. நுனியிலுள்ள திருகைத் தளர்த்தினால்தான் அதில் காற்று ஏறும். நம் கடைப் பம்பின் வாய் அதில் உட்காராது. இடையில் திருகிக்கொள்ளும் சுண்டுவிரல் நுனியளவு பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருந்தால் அந்தச் சங்கடம் தீர்ந்தது. அதைவிட முக்கியமானது, பின் கியரைச் சட்டத்தோடு பிணைக்கும் ஹேங்கர் என்னும் சிறு அலுமினியத் துண்டு. வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால், சட்டத்தையும் கியரையும் காப்பாற்றும்பொருட்டுத் தான் வளைந்தோ ஒடிந்தோ போகும்படி அமைந்தது அது; மாடலுக்கு மாடல் வடிவம் வேறாகையால் பக்கத்துக் கடையில் கிடைக்காது. வண்டி வாங்கும் அன்றே ஒன்று கூடுதலாக வாங்கி வைக்காதவர், அது ஒடிந்தால் பல நாள் வண்டியைச் சுவரில் சாத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இங்கேதான் தனிமனிதரின் கடமை முடிந்து, கம்பெனிகளின் கடமையும் அரசாங்கத்தின் கடமையும் தொடங்குகின்றன. 1949-இல் தோன்றி, அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸையும் பி.எஸ்.ஏ.வையும் ஊர் ஊராக அனுப்பிய டி.ஐ. சைக்கிள்ஸின் வண்டிகள் பட்டிதொட்டியெல்லாம் வேரூன்றியதற்கு, அவற்றின் பிரேக் கட்டையும் செயினும் பெடலும் எந்தச் சிறு கடையிலும் கிடைத்தது ஒரு பிரதான காரணம். இன்று ரோடு பைக் விற்கும் எல்லாக் கம்பெனிகளும், விற்பனையைப் பெருநகரத்தோடு நிறுத்தாமல், தாலுகா தலைநகரங்களிலுள்ள கடைகளில் இரண்டு மூன்று அளவு வண்டிகளை ஓட்டிப் பார்க்க வைக்கவும், உதிரிச் சாமான்களைத் தடையின்றி அனுப்பவும், மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி தரவும் முன்வர வேண்டும். பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் விலையில்லாச் சைக்கிள் வழங்கும் நம் அரசு, அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் சைக்கிள் பழுதுபார்ப்புக்கென ஒரு குறுகிய காலப் படிப்பை ஏற்படுத்தினால், மாணவரின் வண்டியும் உல்லாசத்துக்கு ஓட்டுபவரின் வண்டியும் ஒரே கையால் பராமரிக்கப்படும். பல இளைஞர்களுக்கு ஜீவனோபாயமும் கிடைக்கும்.

அதுவரை வாங்குவோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊரிலுள்ள கடைக்காரரிடம் முதலில் போங்கள். உங்கள் அளவைச் சொல்லி, அந்த அளவு வண்டியைத் தருவித்துத் தரும்படி கேளுங்கள். விலையில் சில நூறு ரூபாய் கூடினாலும், செயின் அறுந்த அன்று உங்கள் முகத்தைப் பார்த்து வேலை செய்பவர் அவரே. பத்துப் பேர் அவ்விதம் கேட்டுவிட்டால், பதினோராவது ஆளுக்குத் தேவையான வண்டியைக் கடைக்காரர் தாமே தருவித்து நிறுத்துவார். சிற்றூரில் ஒரு நல்ல வழக்கம் வேர்விடுவதற்கு ஜனங்களின் அத்தகைய விடாப்பிடியான கோரிக்கையே அஸ்திவாரம்.