தோட்டத்து வண்டிக்குப் பெட்ரோலா, டீசலா?

கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் நாம் கணக்கெழுதும் தோட்டத்தில் பழைய வண்டி தன் ஆயுளை முடித்துக்கொண்டது. நான்கு சக்கரமும் இழுக்கக்கூடிய புதிய வண்டியொன்று வாங்கியாக வேண்டும். பெட்ரோல் எஞ்சினா, டீசல் எஞ்சினா என்று ஆபீசில் சில நாட்களாகப் பேச்சு நடக்கிறது. “வாங்குவது கம்பெனி, ஓட்டுவது டிரைவர், நமக்கென்ன?” என்று தோழர்கள் சிலர் கேட்கின்றனர். அப்படிக் கேட்பது சரியன்று. அந்த வண்டியின் எண்ணெய்ச் செலவு நம் சட்டைப்பைக்குள் வந்து நிற்கும் வழியை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். அதைப் பின்னால் சொல்வோம்.

முதலில் எஞ்சினைப் பார்ப்போம். லேண்ட்ரோவர் என்னும் வண்டி 1948-ஆம் ஆண்டு வெளிவந்தபோது பெட்ரோலில்தான் ஓடியது. அவ்வாண்டிலேதான் இந்நாட்டில் அவசரகாலமும் பிறந்தது. தோட்டத்து மண் சாலைகளுக்கு ஏற்ற வண்டி என்று அது பெயர் வாங்கிற்று. டீசல் எஞ்சின் பொருத்திய லேண்ட்ரோவர் வந்தது 1957-இல், அதாவது மெர்டேக்கா ஆண்டில். அந்த டீசலுக்கு வேகம் கிடையாது, சத்தமோ ஊரைக் கூட்டும். ஆயினும் உழைப்பாளி வண்டி என்று அதை விரும்பினோர் பலர்.

காரணம் எஞ்சின் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எண்ணெயும் கலந்த ஆவியை மின்பொறி பற்றவைக்கிறது. டீசலில் பொறியே இல்லை. காற்றை மிக இறுக்கமாக அழுத்தினால் அது தானே சூடேறும். அந்தச் சூட்டில் எண்ணெயைத் தெளித்தவுடன் பற்றிக்கொள்ளும். இந்த இறுக்கத்தினால் ஒவ்வொரு லிட்டரிலும் கிடைக்கும் வேலை அதிகம். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே இழுவிசையும் கிடைக்கிறது. பால் தொட்டி நிறைந்து, வண்டி நத்தையாய் நகர வேண்டிய இடத்தில் இதன் அருமை தெரியும். பெட்ரோல் வண்டியோ அவ்விடத்தில் உறுமி உறுமி எண்ணெயைக் குடிக்கும்.

ஆனால் நம் வட்டாரத்தை மறந்து பேசக்கூடாது. வட செபராங் பிறை மலைநாடல்ல. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த தாழ்நிலம். ரப்பர் குறைந்து செம்பனையும் வீடமைப்பும் பெருகிவிட்ட இவ்விடத்தில், எஞ்சியுள்ள காடுகளுக்குள் போகும் வண்டிக்கு எதிரி குன்று அல்ல, சேறுதான். சேற்றில் மாட்டிய வண்டியை எஞ்சின் மட்டும் காப்பாற்றாது. தேய்ந்த டயரை மாற்றாமல் புது எஞ்சினைப் பற்றிப் பேசுவது கிழிந்த வாளிக்குச் சாயம் பூசுவதுதான். பழைய பெட்ரோல் வண்டி மழைநீரில் மின்கம்பி நனைந்து நின்றுபோகும், டீசல் நிற்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது அக்காலத்து உண்மை. இன்று இரண்டையுமே மின்னணுப் பெட்டிதான் ஆள்கிறது. காற்றிழுக்கும் குழாயில் வெள்ளம் புகுந்தால் இரண்டும் கெடும். அழுத்தம் மிகுந்த டீசலுக்குச் சேதம் இன்னும் கூடுதல்.

இனி விலைக்கு வருவோம். ஒரே வேலைக்கு டீசல் வண்டி மூன்று லிட்டர் எரித்தால் பெட்ரோல் வண்டி நான்கு லிட்டர் எரிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய நியாயமான கணக்குத்தான். டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசாகவும் பெட்ரோல் 2 வெள்ளி 5 காசாகவும் இருந்த காலத்தில், டீசலுக்கு 6 வெள்ளி 45 காசு, பெட்ரோலுக்கு 8 வெள்ளி 20 காசு. டீசலே லாபம் என்பதில் விவாதமே இல்லை. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியம் நீக்கப்பட்டு, லிட்டர் 3 வெள்ளி 35 காசானது. அதே மூன்று லிட்டர் 10 வெள்ளி 5 காசாயிற்று. கணக்கு ஒரே இரவில் தலைகீழானது. 2025 செப்டம்பர் 30 முதல் பெட்ரோலுக்கும் புது முறை வந்தது. அப்போது குடிமகன் தன் அடையாள அட்டையைக் காட்டி 1 வெள்ளி 99 காசுக்கு மாதம் 300 லிட்டர் வரை வாங்க முடிந்தது. மற்றவர்க்கு அன்றைய விலை 2 வெள்ளி 60 காசு. அந்த விலைக்கு நான்கு லிட்டர் 10 வெள்ளி 40 காசு! ஒன்றரை ஆண்டுக்குள் தராசு இருமுறை சாய்ந்துவிட்டது. வண்டியோ பத்தாண்டு ஓட வேண்டியது. விலையை மட்டும் பார்த்து எஞ்சினைத் தேர்ந்தெடுப்போர் இதைச் சிந்திக்க வேண்டும்.

மேலே சொன்ன சட்டைப்பை விஷயம் இதுதான். டீசல் விலை ஏறிய பிறகு நம் தோட்டத்தில் வண்டியின் நடை குறைக்கப்பட்டது. நிரைக் கோடிவரை வந்து பால் எடுத்த வண்டி, பெரிய பாதையோரத்திலேயே நிற்கலாயிற்று. வெட்டுக்காரர்கள் பால் வாளியைத் தத்தம் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு அதுவரை வர வேண்டியதாயிற்று. சைக்கிளும் அவர்களுடையது, பெட்ரோலும் அவர்களுடையது, வழுக்கி விழுந்தால் சிந்திய பாலும் அவர்களுடையது. பின்னர் வந்த 1 வெள்ளி 99 காசு விலையும் அந்நிய நாட்டுத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. வண்டிச் செலவில் மிச்சமான தொகையைக் கணக்குப் புத்தகத்தில் எழுதியது நம் கைதான். தொழிலாளி செலவழித்ததை எழுத அந்தப் புத்தகத்தில் கட்டமே இல்லை. அந்த மாதம் ‘சிக்கனம்’ என்று நிர்வாகம் மெச்சியது. நாமும் வாய் திறவாதிருந்தோம். அது நம் தவறு என்று இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பெட்ரோல் வண்டியே வந்துவிட்டால், மலிவு விலைக்காக டிரைவரின் அடையாள அட்டையை நீட்டச் சொல்லும் யோசனை யாருக்கேனும் தோன்றலாம். அந்த மலிவுப் பெட்ரோல் டிரைவரின் குடும்பத்துக்கு உரியது. கம்பெனி வண்டிக்கு அதில் ஒரு சொட்டும் கொடுக்கக்கூடாது.

புகையைப் பற்றியும் பேச வேண்டும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் அறிவித்தது. விடியற்காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்க, பக்கத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு டிரைவர் காத்திருப்பது நம் தோட்டங்களில் வழக்கம். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி கொண்ட புது வண்டிகள் இருக்கின்றன. ஆனால் அந்த வடிகட்டி நீண்ட சாலையில் சூடேறி ஓடினால்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். நாள் முழுதும் காட்டுக்குள் ஊர்ந்தால் அடைத்துக்கொண்டு பட்டறைக்கு இழுத்துப் போகும். மறுபுறம், பீப்பாயில் எண்ணெய் வைக்கும் தோட்டத்துக்குப் பெட்ரோல் பெரும் ஆபத்து. அதன் ஆவி சாதாரண வெயிலிலேயே ஒரு சிறு தீப்பொறிக்குப் பற்றும். டீசல் அப்படிச் சட்டென்று பற்றாது. அதற்கு வேறு கவனம் வேண்டும். 2019-இல் சாலை வண்டி டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்ததாக ஆயிற்று. (நாம் வெட்டும் குலை நம் வண்டியிலேயே எரிகிறது!) இக்கலப்பு ஈரத்தை இழுக்கும். பீப்பாயில் நெடுநாள் கிடந்தால் பாசிபோல் படிந்து எஞ்சினைக் கெடுக்கும்.

ஆகவே நம் அபிப்பிராயம் இது: பால் தொட்டி இழுக்கும் வண்டிக்கு டீசலே தகும். சின்ன துரை காடு சுற்றிப் பார்க்கும் வண்டிக்குப் பெட்ரோல் போதும். இரண்டுக்கும் ஒரே வண்டி என்றால் டீசல் வாங்கட்டும். பெரட்டுக் களத்தில் எஞ்சினை நிறுத்தி வைக்கட்டும். டிரைவரையும் பட்டறை ஆளையும் அழைத்துக் கேட்காமல் ஆர்டர் கொடுக்க வேண்டாம். வண்டி எந்த நிரைவரை வரும், நாளைக்கு எத்தனை நடை என்பதை எழுத்தில் தர வேண்டும். எண்ணெய் விலை ஏறி நடை குறைந்தால், பால் சுமக்கும் மோட்டார் சைக்கிளுக்குத் தோட்டமே பெட்ரோல் காசு கொடுக்க வேண்டும் என்பதும் அதே தாளில் இடம்பெற வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். தத்தம் சைக்கிளுக்கு மாதம் எவ்வளவு பெட்ரோல் ஊற்றினோம் என்ற கணக்கைத் தோழர்கள் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு வந்து சேருங்கள்.