அபராதம் கட்டினால் வழக்குத் தீர்ந்ததா?

கிருஷ்ணன்கோவில் வட்டாரத்துச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "சின்ன அடிதடி வழக்குத்தான், பையன் ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டான், தீர்ந்தது." தீரவில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

வாய்க்கால் முறை, வரப்பு, நூல் பட்டுவாடா ஆகியவற்றில் எழும் வாய்ச்சண்டை நொடியில் கைகலப்பாகிறது. 1-7-2024 முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2) பிரிவுப்படி, கையால் அடித்துக் காயம் உண்டாக்கினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். எலும்போ பல்லோ முறிந்தால் அது கொடுங்காயம். 117(2) பிரிவுப்படி ஏழாண்டு வரை சிறை.

குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தியவர் தண்டனை பெற்றவரே. தொகை நூறு ரூபாயாயினும் பதிவு ஒன்றுதான். ஆனால் அடிபட்டவர் மனமிசைந்து நீதிமன்றத்தில் ராஜியானால், சட்டம் அதனை விடுதலையாகவே கொள்கிறது. கொடுங்காய வழக்கில் ராஜியாக நீதிமன்ற அனுமதி வேண்டும். சாவடியில் எழுதிக்கொள்ளும் சமாதானம் மட்டும் வழக்கை முடிக்காது.

விடுதலையும் யாவற்றையும் துடைத்துவிடாது. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் தமிழ்நாட்டுக் காவலர் பணிக்குத் தகுதியற்றவராகக் கருதலாம் என 2008இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்தது. டில்லிப் போலீஸ் வேலைக்கு மனுச் செய்து, ராஜியான அடிதடி வழக்கொன்றை மறைத்த இளைஞரின் பிழையை உச்ச நீதிமன்றம் 2011இல் பொறுத்தது உண்மையே. எனினும் 2016இல் அதே நீதிமன்றம், உண்மையை மறைத்தல் வேலை இழப்புக்குக் காரணமாகலாம், அற்ப வழக்காயின் அதிகாரிகள் பொறுத்துக்கொள்ளலாம் என்று நெறி வகுத்தது. பொறுப்பது அவர்கள் விருப்பம். அதை நம்பி மறைத்தல் விவேகமன்று.

ஆகவே அங்கத்தினர்கட்கு நமது யோசனை இது. தகராறு முற்றுமுன் சங்கத்தில் சொல்லுங்கள். வழக்காகிவிட்டால், ஒப்புக்கொள்ளுமுன் வக்கீலைக் கேளுங்கள். தகுதியுடையோர்க்குச் சட்டப்பணிகள் குழு இலவசமாக உதவும். ராஜியாகத்தக்க வழக்குகளை மக்கள் நீதிமன்றத்திலும் தீர்க்கலாம். தீர்ப்பு நகலைப் பத்திரமாக வையுங்கள். வேலை மனுவில் கேட்டால் உள்ளதை எழுதுங்கள்.

தண்ணீர் முறை அடுத்த வாரம் மீண்டும் வரும். பிள்ளையின் காவலர் தேர்வு வயது திரும்ப வருமா?