முதல் பந்தய ட்ரோன்: வாங்குவதா, கட்டுவதா?

பந்தய ட்ரோன் என்னும் சிறுவானூர்தி இன்று மாணவர் பலரின் கனவாகிவிட்டது. வளையங்களின் ஊடே புகுந்து, மணிக்கு 100 கிலோமீட்டரையும் விஞ்சும் வேகத்தில் அது பறக்கிறது. அதன் முகப்பிலுள்ள ஒளிப்படக்கருவி காண்பதை, ஓட்டுபவர் தாம் அணிந்துள்ள காட்சிக் கண்ணாடியில் உடனுக்குடன் காண்கிறார். 2018-ஆம் ஆண்டு சீனாவின் ஷென்ஜென் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில் வாகை சூடியவர், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூடி பிரவுனிங் என்னும் 15 வயதுச் சிறுவர். இவ்விளையாட்டு பள்ளி மாணவர்க்கும் உரியதே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதில் ஈடுபட விரும்புவோர் முன் எழும் முதல் வினா ஒன்று உண்டு. ஆயத்தமாக விற்கும் ட்ரோனை வாங்குவதா? உதிரிப்பாகங்களை வாங்கித் தாமே கட்டுவதா? தாமே கட்டுவதே நன்று என்பது என் கருத்து.

வாங்குவோர் கூறும் காரணங்களையும் முதலில் எண்ணிப் பார்ப்போம். கடையில் கிடைக்கும் ட்ரோனில் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துமாறு அமைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டிருக்கும். வாங்கிய அன்றே பறக்கவிடலாம். தாமே கட்டுபவரோ நேர்மின் கம்பியையும் எதிர்மின் கம்பியையும் மாற்றி இணைத்துவிட்டால், பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரு நொடியில் புகையாகிவிடும். இந்த அச்சம் நியாயமானதே.

ஆயினும், இவ்விழப்பைத் தடுக்க எளிய வழி உண்டு. முதன்முறை மின்கலத்தை இணைக்கும்போது, இடையே ஒரு வாகன விளக்கைத் தொடரிணைப்பில் வைப்பர். இணைப்பில் குறுக்குச்சுற்று இருப்பின் விளக்கு நின்று ஒளிரும். மின்னோட்டம் மட்டுப்படுவதால் பலகை தப்பிவிடும். வகுப்பறையில் படித்த தொடர்ச்சுற்று இங்கே கைகொடுக்கிறது.

கட்டுவதே நன்று எனக் கூறுவதற்கு முதற்காரணம், பந்தய ட்ரோன் விழுந்தே தீரும் என்பது. படம் பிடிக்கும் ட்ரோன், கட்டுப்பாட்டிலிருந்து கையை எடுத்தால் தானே சமநிலைக்கு வந்து நிற்கும். பந்தய ட்ரோன் அவ்வாறன்று; சாய்ந்தால் சாய்ந்தபடியே செல்லும். எனவே புதியவர் கையில் அது பலமுறை விழும். விசிறி உடையும், சட்டகத்தின் கை முறியும், கம்பி அறும். கட்டியவர் பழுது எங்கே என்று அறிவார், மாலைக்குள் சரிசெய்துவிடுவார். வாங்கியவரோ கடையை நாட வேண்டும். அல்லது அதனை அலமாரியில் வைத்து மூட வேண்டும்.

கட்டும்போது கிடைக்கும் அறிவும் சிறிதன்று. நான்கு மோட்டார்களில் மூலைக்கு மூலை எதிரெதிராக உள்ள இரண்டு ஒரு திசையிலும், மற்ற இரண்டு மறுதிசையிலும் சுழல்கின்றன. இதனால் அவற்றின் முறுக்குவிசைகள் ஒன்றையொன்று சமன்செய்கின்றன. ஒரு மோட்டார் தவறான திசையில் சுழன்றாலும் ட்ரோன் எழும்போதே கவிழ்ந்துவிடும். இயற்பியலை இதனினும் தெளிவாக உணர்த்தும் பாடம் அரிது.

இரண்டாம் காரணம் நம் நாட்டுச் சட்டம். 2022 பிப்ரவரியில் இந்திய அரசு, வெளிநாட்டில் செய்த முழு ட்ரோன்களை இறக்குமதி செய்வதற்குத் தடை விதித்தது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற பணிகளுக்கே விலக்கு அளிக்கப்பட்டது. உதிரிப்பாகங்களுக்கோ அத்தடை இல்லை. நம் நாட்டில் ட்ரோன் கட்டும் திறன் வளர வேண்டும் என்பதே அதன் நோக்கம். அத்திறனை மாணவப் பருவத்திலேயே நாம் ஏன் வளர்த்துக்கொள்ளக் கூடாது?

எனினும், ஆழம் அறியாமல் காலை விடலாகாது. முதலில் கணினியிலுள்ள சிமுலேட்டரில் பறக்கப் பழக வேண்டும். அங்கே எத்தனை முறை விழுந்தாலும் செலவில்லை. அடுத்து, வீட்டுக்குள் பறக்கும் மிகச் சிறிய ட்ரோன் ஒன்றை வாங்கிப் பயில்வதில் தவறில்லை. அதன் பின்னர், பழைய கம்பித் துண்டுகளில் ஈயப் பற்றவைப்பைப் பழகிக்கொண்டு, பந்தய ட்ரோனைக் கட்டத் தொடங்கலாம். மோட்டாரைச் சோதிக்கும்போது விசிறிகளைக் கழற்றிவிட வேண்டும். லித்தியம் பாலிமர் மின்கலம் தீப்பற்றக் கூடியது. மின்னேற்றம் செய்யும்போது அருகிலேயே இருத்தல் வேண்டும். உப்பிய மின்கலத்தை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்படாதவை நானோ வகை. அதற்கு மேல் 2 கிலோகிராம் வரை மைக்ரோ வகை. பெரும்பாலான ஐந்து அங்குலப் பந்தய ட்ரோன்கள் மைக்ரோ வகையைச் சேர்ந்தவை. ஆதலின், பறக்கவிடும் முன் பதிவு முதலிய விதிகளைப் பெரியவர்களுடன் அமர்ந்து படித்தறிய வேண்டும். அவ்விடம் தடைசெய்யப்பட்ட பகுதியா என்பதையும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டுவதற்குச் சில வாரங்கள் கூடுதலாகச் செல்லலாம். அவ்வாரங்கள் வீணாகா. முதன்முறை ட்ரோன் விழுந்து உடையும் நாளில், அழுதுகொண்டு நிற்பதா, திருப்புளியைக் கையில் எடுப்பதா என்பதை அவையே முடிவு செய்யும்.