குழாய் இறங்கியது, பெட்டி வந்தது! பழைய ஆம்ப்ளிபயர் என்ன செய்யும்?

திருக்கடையூரில் வருடம் முழுவதும் கலியாணம்தான். 60 வயது நிறைந்தால் மணிவிழா. 70 வயதில் பீமரத சாந்தி. 80 வயதில் சதாபிஷேகம். அபிராமி சன்னதியில் மறுபடியும் தாலி கட்ட, வெளியூர்களில் இருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மாப்பிள்ளைக்கும் தலை நரைத்திருக்கும், பெண்ணுக்கும் தலை நரைத்திருக்கும்!

கலியாணம் என்றால் மைக்செட் இல்லாமல் முடியுமா? அந்த மைக்செட்டில்தான் இப்போது ஒரு புதுச் சிக்கல்.

முன்பெல்லாம் பந்தல் காலிலும் தென்னை மரத்திலும் குழாய் கட்டுவார்கள். "கூம்பு வடிவ ஒலிபெருக்கி" என்று சர்க்கார் காகிதத்தில் எழுதுவது இதைத்தான். இப்போது தமிழ்நாட்டில் விழாக்களுக்கு அனுமதி கொடுக்கும்போது, "குழாய் கூடாது, பெட்டி வடிவ ஒலிபெருக்கிதான் வைக்க வேண்டும்" என்று போலீசார் நிபந்தனை போடுகிறார்கள். விநாயகர் சதுர்த்தி வந்தால் இந்த நிபந்தனை பத்திரிகையில் தவறாமல் வரும்.

சட்டம் 2000-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது ஒலியின் அளவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஒலிபெருக்கி வைக்கும் இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. எப்படியும் 75-ஐத் தாண்டக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2005-ல் கூறியது.

சரி, குழாயை இறக்கியாயிற்று. பெட்டி வாங்கியாயிற்று. ஆனால் ஆம்ப்ளிபயர்? அது அதே பழைய ஆம்ப்ளிபயர்தான்! இங்கேதான் வம்பு தொடங்குகிறது.

60 மடங்கு வித்தியாசம்

குழாய் ஒரு கெட்டிக்காரப் பிறவி. கொஞ்சம் மின்சாரம் கொடுத்தாலும் ஊரையே எழுப்பும். நல்ல குழாய்க்கு 1 வாட் கொடுத்தால், 1 மீட்டர் தள்ளி சுமார் 108 டெசிபல் கேட்கும். பெட்டிக்கு அதே 1 வாட் கொடுத்தால் சுமார் 90 டெசிபல்தான்.

18 டெசிபல்தானே குறைவு என்று நினைக்கக் கூடாது. அதை ஈடுகட்ட ஏறத்தாழ 60 மடங்கு மின்சாரம் வேண்டும். 30 வாட் ஆம்ப்ளிபயரும் குழாயும் செய்த வேலையைப் பெட்டி செய்ய 1,800 வாட் வேண்டும்!

பழைய ஆம்ப்ளிபயர் அதற்கு எங்கே போகும்? "சத்தம் பத்தலையே" என்று யாராவது சொன்னதும், மைக்செட்காரர் குமிழைக் கடைசி வரை திருகுகிறார். ஆம்ப்ளிபயர் திணறுகிறது. ஒலி அலையின் முகடுகள் வெட்டுப்படுகின்றன. பாட்டு கரகரக்கிறது. கொஞ்ச நேரத்தில் பெட்டியின் மேலே உள்ள சின்ன ஸ்பீக்கர் கருகிவிடுகிறது.

ஆம்ப்ளிபயர் சின்னது என்பதால் பெட்டி பிழைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. சின்ன ஆம்ப்ளிபயரை எல்லை மீறித் திருகுவதால் கருகிய பெட்டிகள் ஏராளம்.

பெட்டியின் முதுகில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் "1,000 வாட்", "2,000 வாட்" விளம்பரத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். கண் சிமிட்டும் நேரத்துக்குத் தாங்குவதும், முகூர்த்தம் முடியும் வரை தாங்குவதும் ஒன்றல்ல.

எந்த முனையில் மாட்டுவது?

பழைய மைக்செட் ஆம்ப்ளிபயரின் பின்னால் பல முனைகள் இருக்கும். 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட் என்று எழுதியிருக்கும். தெருக்கோடி வரை ஒயர் இழுப்பதற்காக ஏற்பட்டதுதான் 100 வோல்ட் முனை. 100 வாட்டை 4 ஓம் முனையில் அனுப்பினால் ஒயரில் 5 ஆம்பியர் ஓடும். 100 வோல்ட் முனையில் 1 ஆம்பியர்தான். மெல்லிய ஒயரே போதும். வழியில் சேதாரமும் குறைவு.

ஆனால் 8 ஓம் பெட்டியை நேராக 100 வோல்ட் முனையில் மாட்டினால் என்ன ஆகும்? கணக்குப்படி அது 1,250 வாட் கேட்கும். பெட்டி போகும், அல்லது ஆம்ப்ளிபயர் போகும். நடுவில் லைன் டிரான்ஸ்பார்மர் இருந்தே ஆக வேண்டும்.

அது இருந்துவிட்டால் பிறகு வெறும் கூட்டல் கணக்குதான். 50 வாட் ஆம்ப்ளிபயர் இருக்கிறது. 10 வாட் வீதம் நான்கு பெட்டிகள் மாட்டினால் 40 வாட். ஆம்ப்ளிபயருக்குக் கஷ்டம் இல்லை. ஆறு பெட்டி மாட்டினால் 60, தாங்காது.

நான்கு பெட்டி போதுமா? தாராளமாகப் போதும்! பெட்டிக்கு 10 வாட் என்றால் 1 மீட்டரில் 100 டெசிபல். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 8 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு 82 டெசிபல் கேட்கும். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசுவதே 60 டெசிபல்தான். ஆகவே குமிழைக் குறைத்தே வைக்கலாம். வாசலில் ஒரே பெட்டியை அலற விடுவதைவிட, ஜனங்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் நான்கு பெட்டிகளை மெதுவாகப் பேச விடுவது நல்லது. 80 வயதுத் தம்பதிக்குப் பக்கத்தில் நடக்கும் விசேஷம் அல்லவா?

"ம்ம்ம்" என்று ஒரு ஓசை

பெட்டி மாற்றியதும் இன்னொரு புகார் வரும். "ஆம்ப்ளிபயர் உறுமுகிறது" என்பார்கள். அது புதிதாக வந்த உறுமல் அல்ல. கரண்டைச் சீராக்கும் கண்டன்சர் பழசாகி உலர்ந்து போனால் இந்த ஓசை வரும். குழாய்க்குக் கனமான ஒலி வராது. அதனால் இத்தனை நாள் கேட்கவில்லை. பெட்டிக்குக் கனமான ஒலியும் வரும். அதனால் குட்டு வெளிப்பட்டுவிட்டது! கண்டன்சரை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் வால்வு ஆம்ப்ளிபயரை வீட்டிலேயே கழற்றிப் பார்க்கக் கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே 300, 400 வோல்ட் தங்கியிருக்கும்.

பட்டணங்களில் பழைய வால்வு ஆம்ப்ளிபயரையும், கூடத்தில் நிற்கும் ஆளுயரப் பெட்டிகளையும் ஜோடி சேர்க்கும் சங்கீதப் பிரியர்களுக்கும் இதே கணக்குதான். ஆம்ப்ளிபயர் 10, 15 வாட்தான் என்றால், 1 வாட்டில் 90 டெசிபலுக்குக் குறையாத பெட்டியாகத் தேட வேண்டும். 8 ஓம் என்று எழுதியிருந்தாலும், கனமான ஒலி வரும்போது சில பெட்டிகள் 4 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். அப்படிப்பட்ட பெட்டி பழைய ஆம்ப்ளிபயருக்கு ஆகாது.

இறக்கி வைத்த குழாயைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதில்லை. திறந்த வெளியில் மனிதக் குரலை வெகுதூரம் கொண்டுபோக அதற்கு ஈடு இல்லை. புயல் சின்னம் உருவாகி, தரங்கம்பாடிக் கடற்கரையில் "கடலுக்குப் போகாதீர்கள்" என்று வண்டியில் சொல்லிக்கொண்டு போக, 30 வாட்டும் ஒரு குழாயும் போதும்.